சிக்னலில் நின்று எடுத்தால் நீலப் புகை: என் ஜிப்ஸி ஆயில் குடித்த கதை

இரண்டு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம் ஒருவழியாக முடிந்தது, அதனால் எழுதுகிறேன். உங்கள் வண்டியிலும் இப்படி நடந்திருந்தால் கீழே சொல்லுங்கள்.

வண்டி 2004 மாருதி ஜிப்ஸி கிங் ஜீப், பெட்ரோல், 1.3 லிட்டர், பதினாறு வால்வ். ஓடியது 1,62,000 கிலோமீட்டர், நான் மூன்றாவது கை. வீடு பெங்களூர் அல்சூரில், வேலை எலக்ட்ரானிக் சிட்டியில், ஆக தினமும் சில்க் போர்டு சிக்னலில் அரை ஆயுள் போகும். ஒரு நாள் அங்கே ரொம்ப நேரம் நின்றுவிட்டு பச்சை விழுந்ததும் எடுத்தேன். அடுத்த சிக்னலில் ஒரு பைக்காரர் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டி, கன்னடத்தில், "சார், கொசு மருந்து அடிக்கிற வண்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் கண்ணாடியில் ஒழுங்காகப் பார்த்தேன். நீலப் புகை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்தால் நுனியில்தான் ஆயில் இருக்கிறது. நிரப்பிவிட்டுக் கணக்கு வைத்தேன், 900 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது. கீழே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது, கூலன்ட் குறையவில்லை. வெள்ளைப் புகையாக இருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று ஹெட் கேஸ்கெட் பக்கம் போக வேண்டும், கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். இது இரண்டும் இல்லை, ஆயில்தான் எரிகிறது.

முதலில் போன கேரேஜில் ஆக்சிலேட்டரை இரண்டு தடவை முறுக்கினார்கள், புகை வந்தது. "ரிங் போயிடுச்சு சார், இன்ஜின் இறக்கி போர் பண்ணணும், பிஸ்டன் செட், லேத் வேலை எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் ஆகும்." ரிங் என்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், கீழே இருக்கும் ஆயில் மேலே ஏறாமல் தடுப்பது; போர் என்றால் சிலிண்டரைக் கடைவது. இதைச் சொன்னவர்கள் ஒரு பிளக்கைக் கூடக் கழற்றவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது, வண்டியை வாங்கியதே அதைவிடக் கொஞ்சம் அதிகத்துக்குத்தான். சரி, கெட்டி ஆயில் ஊற்றினால் நிற்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 20டபிள்யூ-50 ஊற்றிப் பார்த்தேன். பத்து நாள் புகை குறைந்தது, அப்புறம் பழையபடிதான். நடுவில் எமிஷன் டெஸ்டுக்குப் போனேன், ஹெச்சி (ஹைட்ரோகார்பன், முழுக்க எரியாமல் வெளியே வருவது) எகிறிக் கிடந்தது, சர்டிபிகேட் இல்லாமல் திரும்பினேன்.

உண்மை தெரிந்தது தொப்பூரில். சேலத்தில் சின்ன மாமியார் வீட்டு வளைகாப்பு, குடும்பத்தோடு போனோம், மச்சான் அவன் காரில் பின்னாலேயே வந்தான். தொப்பூர் இறக்கம் உங்களுக்குத் தெரியும், மூன்றாவது கியரில் போட்டு, காலை எடுத்துவிட்டு, இன்ஜின் பிடிப்பிலேயே இறங்கினேன். கீழே வந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் மச்சானிடமிருந்து போன். "மாமா, எறங்கும்போது ஒண்ணுமே இல்ல. மிதிச்சதும் குப்புனு வந்துச்சு பாருங்க, முன்னாடி ரோடே தெரியல." திரும்பி வரும்போது வேண்டுமென்றே அவனைத் தருமபுரி வரை பின்னால் வரச் சொன்னேன். ஐந்து பேர், பலகாரக் கூடை, பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு தொப்பூர் ஏற்றத்தில் நன்றாக மிதித்து ஏறினேன். புகையே இல்லை என்றான்.

ரிங் தேய்ந்திருந்தால் நேர்மாறாக நடந்திருக்க வேண்டும், பாரம் இழுத்து ஏறும்போதுதான் தொடர்ந்து புகை தள்ளும். இறக்கத்தில் காலை எடுத்தால் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் மூடிக்கொள்ளும், இன்ஜின் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், அப்போது காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் வேக்யூம் பலமாக உண்டாகி வால்வ் தண்டு வழியாக இன்ஜின் தலையில், அதாவது ஹெட்டில், இருக்கும் ஆயிலை உள்ளே இழுக்கும். தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் நன்றாக இருந்தால் தடுக்கும், இல்லையென்றால் உள்ளே சேர்ந்துகொண்டே போய், திரும்ப மிதிக்கும்போது மொத்தமாக எரியும். சிக்னலில் நிற்கும்போதும் இதே கதைதான், ஐடிலில் த்ராட்டில் மூடித்தானே இருக்கிறது. எனக்கு இது அன்றைக்குத் தெரியாது, சிவாஜிநகர் மெக்கானிக் பாய் சொல்லித்தான் தெரியும்.

அந்தப் பாய் பழைய ஜிப்ஸி மட்டுமே பார்ப்பவர். புகை எவ்வளவு வருகிறது என்று அவர் கேட்கவே இல்லை, "எப்ப வருது?" என்றுதான் கேட்டார். நான் தொப்பூர் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "வண்டிய விட்டுட்டுப் போங்க, ராத்திரி இங்கயே நிக்கட்டும். காலைல ஏழு மணிக்கு வாங்க, நீங்க வர்ற வரைக்கும் சாவி போட மாட்டேன்" என்றார். காலையில் என் முன்னாலேயே ஸ்டார்ட் செய்தார். ஒரே ஒரு நீலக் குப்பென்று வந்து பத்து நொடியில் சுத்தமாகிவிட்டது. ராத்திரி முழுக்க சீல் வழியாக இறங்கி வால்வ் மேல் நின்ற ஆயில் அது.

அதோடு அவர் விடவில்லை. முதலில், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி எரிய அனுப்பும் பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டினார், உள்ளே கடகட என்றது, அடைப்பு இல்லை. விலை குறைந்த சாமானைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை, ஏனென்றால் அது திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் ஆயில் ஆவியை இழுத்துக்கொண்டு போய் இதே நீலப் புகையைத் தரும். அப்புறம் பிளக்குகள். ஒன்றும் நாலும் வெளிர் பழுப்பு, இரண்டும் மூன்றும் ஈரக் கறுப்பு. இன்ஜின் சூடாக இருக்கும்போதே நாலு பிளக்கையும் எடுத்துவிட்டு, என்னை ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தார்: 172, 168, 170, 174 பிஎஸ்ஐ. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார், ஆறேழுதான் ஏறியது. ரிங் போயிருந்தால் அந்த ஆயில் இடுக்கை அடைத்து அழுத்தம் எகிறியிருக்கும். இது முடிய ஒரு மணி நேரம் ஆனது. அறுபதாயிரம் சொன்னவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை.

ஹெட்டை இறக்காமலே சீல் மாற்றினார். இதைப் பார்க்கத்தான் நான் லீவு போட்டேன். பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றை உள்ளே திணித்து, கிராங்கை ஸ்பானரால் மெல்லச் சுற்றினால் பிஸ்டன் மேலே வந்து கயிற்றை வால்வ் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் வால்வ் சிலிண்டருக்குள் விழாது! சுற்றிலும் ஆயில் இறங்கும் ஓட்டைகளைத் துணியால் அடைத்திருந்தார், ஸ்பிரிங்கைப் பிடிக்கும் சின்ன லாக் ஒன்று தெறித்து உள்ளே விழுந்தால் அடியிலிருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்ற வேண்டியதுதான். பதினாறு பழைய சீலும் ரப்பர் என்று சொல்லவே முடியாது, சட்டைப் பொத்தான் மாதிரி விறைத்திருந்தன, ஒன்று நகத்தால் அழுத்தியதும் உடைந்தது. இருபது வருஷச் சூடு, வேறென்ன. சீல் செட்டை ஜேசி ரோட்டில் நானே வாங்கிக் கொடுத்தேன், கூலியோடு ஏழாயிரத்துக்குள் முடிந்தது.

இப்போது 2,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது, குடித்தது ஏறக்குறைய 300 மில்லி. பூஜ்யம் இல்லை. மூன்றாவது சிலிண்டரில் வால்வ் தண்டு ஓடும் குழலான கைடு ஒன்று லேசாகத் தேய்ந்து ஆடுகிறது, அது எப்போதாவது ஹெட் இறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் பாய். எமிஷன் பாஸ்.

*

அண்ணே, கயிற்று வித்தை அருமை. ஆனால் டீசல்காரர்கள் இதைப் படித்துவிட்டு வால்வ் சீலை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். என்னிடம் இருப்பது பழைய டர்போ டீசல் ஃபோர் வீல் டிரைவ், டர்போ என்றால் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது. மிதித்தால் நீலமாகத் தள்ளியது. அந்தக் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் குட்டை. டர்போ சீல்தான் காரணம் என்று டர்போவின் உட்பாகமான கார்ட்ரிட்ஜைப் புதிதாகப் போட்டார்கள், ஒரு மாதத்தில் மறுபடி அதே புகை. கடைசியில் பார்த்தால் டர்போவிலிருந்து சம்ப்புக்கு ஆயில் திரும்பும் பைப்பில் கசடு அடைத்திருந்தது. ஆயில் இறங்க வழி இல்லாவிட்டால் எந்தப் புது சீலும் தாங்காது. பைப்பைச் சுத்தம் செய்த பிறகும் மூன்று நாள் புகை வந்தது, நான் பதறினேன், அது இன்டர்கூலரிலும் சைலன்ஸரிலும் தேங்கிய பழைய ஆயில் எரிந்த புகை.

இன்னொன்று, டீசலில் இதை ஆறப் போடாதீர்கள். ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு இன்ஜின் தானே ஓடும். எனக்கு மடிவாளாவில் சாவியை எடுத்த பிறகும் ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போனது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு, கிளட்சைப் பட்டென்று விட்டேன். உதறி நின்றது. கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது.

*

என் கதை ரொம்பச் சின்னது, வெட்கமாகவும் இருக்கிறது. சர்வீஸ் முடிந்து வந்த மறுநாளே புகை. ரிங், சீல், டர்போ என்று எல்லாம் படித்துப் பயந்துபோய், கடைசியில் டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் ஆயில். இரண்டு பேர் தனித்தனியாக ஊற்றியிருக்கிறார்கள். அதிகப்படி ஆயிலை எடுத்ததும் சரியாகிவிட்டது, செலவு ஒன்றும் இல்லை.

*

பழைய ஜிப்ஸி வாங்க யோசிக்கிறேன் சார். ஹெசரகட்டா பக்கம் ஒன்று பார்த்தேன், புகையே இல்லை, ஆனால் நான் போகும்போதே பானெட் சுட்டது. இப்போதுதான் கடைக்குப் போய் வந்தோம் என்றார்கள். நம்பலாமா?

*

தம்பி, கடைக்குப் போயிருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. காலையில் ஆறரைக்கு வருகிறேன், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள் என்று சொல்லிப் பாருங்கள். போனதும் முதலில் பானெட்டில் கை வையுங்கள், ஜில்லென்று இருந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். அப்புறம் பத்து நிமிஷம் ஐடிலில் விட்டு, ஒரே மிதி. ஓட்டிப் பார்க்கும்போது ஒரு நண்பரைப் பின்னால் பைக்கில் வரச் சொல்லுங்கள், ஓட்டுகிறவர் கண்ணுக்கு லேசான நீலம் தெரியவே தெரியாது. சூடான இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள், குபுகுபுவென்று காற்று தள்ளினால் அது என் கதை இல்லை, ரிங் கதை, விலையில் அறுபதாயிரத்தைக் குறைத்துக் கேளுங்கள். வால்வ் சீல் மட்டும் என்று தெரிந்தால் தைரியமாக வாங்குங்கள், சிவாஜிநகருக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.