லாட்ஜுக்குக் கட்டாகப் போகும் பேப்பரும் சர்குலேஷன் கணக்கில் வருமா?

சிம்மக்கல் பாத்திரக்கடை:
மாட்டுத்தாவணி பக்கம் ஒரு லாட்ஜில் பேப்பர் கட்டு ஒன்று பிரிக்காமலேயே படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது, மதியம் போனபோதும் அப்படியே, கூடவே முந்தாநாள் கட்டு வேறு. அதே பேப்பரின் விளம்பர ஆள் போன வாரம் கடைக்கு வந்து இத்தனை லட்சம் பிரதி என்று சொல்லித்தான் ரேட் பேசினார். இந்தக் கட்டும் அந்த லட்சத்தில் உண்டா?

மேலூர் ஏஜென்ட்:
அண்ணே, கணக்கு பார்ப்பது விற்றதை, படித்ததை இல்லை. லாட்ஜ்காரர் பில் போட்டுக் காசு கொடுத்திருந்தால் விற்பனைதான், அவர் அதை வடை மடிக்கக் கிழித்தாலும் சரி. சும்மா போட்டுவிட்டுப் போனதும் ரிட்டர்ன் போனதும் விற்பனையில் சேராது. நான் விடியற்காலையில் கட்டு பிரிக்கும்போதே மழை நாள் என்றால் எத்தனை மிஞ்சும் என்று தெரிந்துவிடும், அதைக் கழிக்காமல் சொல்வது அச்சடித்த கணக்கு, விற்ற கணக்கு அல்ல.

பழைய ஆடிட் பையன்:
1948இல் தொடங்கிய ஏபிசி (ஆடிட் பீரோ ஆஃப் சர்குலேஷன்ஸ்) அமைப்புதான் இங்கே பேப்பர்களின் விற்பனைக் கணக்கைத் தணிக்கை செய்கிறது. ஜனவரி முதல் ஜூன், ஜூலை முதல் டிசம்பர் என்று ஆறு மாதத்துக்கு ஒரு சராசரி. சேர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, அதனால் சான்று இல்லாத பேப்பர் சொல்வது அவர்களே சொல்லிக்கொள்ளும் எண். பிரிட்டனில் ஓட்டல், விமானக் கம்பெனிகளுக்கு மொத்தமாகத் தள்ளுவதைத் தனி வரியில் காட்டுவார்கள், பார்த்தவுடன் கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் அங்கேயும் ஓட்டை இருந்தது. 2011இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் என்ற அமெரிக்கப் பேப்பரின் ஐரோப்பியப் பதிப்பு கம்பெனிகளுக்குப் பிரதி ஒன்று யூரோவில் ஒரு சென்ட் வரை இறக்கி விற்றுக் கணக்கில் ஏற்றியது வெளியே வந்து, அதன் பதிப்பாளர் பதவி விலகினார். ஒரு சென்ட்! நம்மூரில் அதற்கு டீ வாசம்கூட வராது.

மேலூர் ஏஜென்ட்:
அப்புறம் ஒன்று, மொத்த எண்ணை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? உங்களிடம் அண்டா வாங்க வருபவர் மதுரை, மேலூர், திருமங்கலத்துக்காரர். மதுரை மாவட்டத்துக்கு மட்டும் எத்தனை, அதில் கடையில் விற்றது, வீட்டுக்குப் போவது, கட்டாகப் போவது எவ்வளவு என்று பிரித்து எழுத்தில் கேளுங்கள்.

சிம்மக்கல் பாத்திரக்கடை:
கேட்டேன் தம்பி. "அதெல்லாம் ஆபீஸில்தான் சார் இருக்கும்" என்றார். ஆனால் சாயங்காலமே போன் வந்தது, கால் பக்க ரேட்டுக்கு அரைப் பக்கம் தருகிறாராம்.