பேரைச் சொல்லிக்கொண்டு போனவர்கள்

வேலை தேடிக்கொண்டிருந்த காலம். ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தும் காரியம் ஆகவில்லை. ஐந்தாம் தடவை, பெரிய அதிகாரி ஒருவரின் பேரைச் சொல்லி, "சார் அனுப்பினார்" என்றேன். அவரை நான் பார்த்ததுகூட இல்லை. கிளார்க் சிரித்துக்கொண்டே போனை எடுத்து அங்கேயே கேட்டுவிட்டார். "சாருக்கு உங்களைத் தெரியாதாமே. நீங்க யாரு?"

சில வாரம் கழித்து பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம் வாசித்தேன். அதே கேள்வி! எபேசுவில் ஸ்கேவா என்ற யூத ஆசாரியரின் ஏழு மகன்கள், அப்போஸ்தலர் பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பேரைச் சொல்லிப் பேய் ஓட்டப் போகிறார்கள். "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?" என்கிறது ஆவி. அடிபட்டு, உடம்பில் துணிகூட இல்லாமல் ஓடினார்கள். நான் சட்டையோடு வெளியே வந்தேன், அதுவரை சரி.

அவர்களையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது. மந்திரத்துக்குப் பேர்போன ஊர் எபேசு. அதே அதிகாரத்தில் 50,000 வெள்ளிக்காசு பெறுமான மந்திரப் புத்தகங்களை எரிக்கிறார்கள். எந்தப் பேர் பலிக்கிறதோ அதைச் சொல்வதுதான் அங்கே தொழில். பாரிஸில் இருக்கிற 4ஆம் நூற்றாண்டு மந்திரச் சுவடி ஒன்றிலும் 'எபிரெயரின் கடவுளாகிய இயேசு' மேல் ஆணையிடும் வரி உண்டு. எழுதியவர் இயேசுவை அறிந்தவர் மாதிரி இல்லை, பேரை மட்டும் எங்கேயோ கேட்டிருக்கிறார்.

*

சிரித்துவிட்டேன் அண்ணா. வேதபாட வகுப்பில் ஸ்கேவா கதை சொன்ன டீச்சரிடம், "அப்போ மாற்கு 9?" என்று கேட்டு, "உட்காரு" என்று வாங்கிக்கட்டிக்கொண்டவள் நான். மாற்கு சுவிசேஷத்தின் அந்த அதிகாரத்தில், நம்மோடு சேராத ஒருவன் உம்முடைய பேரில் பேய் ஓட்டுகிறான், தடுத்தோம் என்று சீடன் யோவான் இயேசுவிடம் வந்து சொல்கிறான். தடுக்க வேண்டாம் என்கிறார் அவர். அவனுக்கு மட்டும் எப்படிப் பலித்தது?

*

பைபிளில் வரும் கேபா வேறு, இயேசுவின் சீடர் பேதுரு வேறு என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். அப்பாதான் யோவான் 1:42ஐக் காட்டினார். பேதுருவின் சொந்தப் பேர் சீமோன், அவருக்கு இயேசு வைத்த பேர் கேபா. கேபா அரமேயம், பேதுரு கிரேக்கம், இரண்டுமே பாறைதான். கொரிந்துச் சபையில் அந்தப் பேரைக் கட்சிப் பேராக்கிவிட்டார்கள்: நான் பவுல் ஆள், நான் கேபா ஆள். பவுலுக்குக் கோபம், அவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். "பவுலின் நாமத்திலா ஞானஸ்நானம் பெற்றீர்கள்?" கிறிஸ்புவையும் காயுவையும் தவிர யாருக்கும் நான் கொடுக்கவில்லை என்கிறார். அப்புறம் ஸ்தேவான் வீட்டார் ஞாபகம் வருகிறது, அதையும் சேர்க்கிறார். வேறு யாருக்காவது கொடுத்தேனோ, தெரியாது என்று விட்டுவிடுகிறார். இந்த இடம் வந்தால் அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். "முதல்ல சொன்னதை அடிச்சிட்டு எழுதியிருக்கலாம்ல, அப்படியே விட்டுட்டார் பாரு."