மறு: கிளிக்கருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

கிளிக்கர், அதாவது மாணவர்கள் பொத்தானை அழுத்தி விடை சொல்ல, அந்த விடைகளின் எண்ணிக்கை திரையில் பட்டைகளாகத் தெரியும் வகுப்புக் கருவி. அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு வந்த மடலுக்குப் பதில்கள் குவிந்துவிட்டன. சொடுக்கி, வாக்குக்கருவி, அவையோர் எதிர்வினை அமைப்பு என்று மூன்று சொற்கள் இப்போது களத்தில் நிற்கின்றன. பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுப்பவன் என்ற முறையில் என் பங்குக்கும் கொஞ்சம் சொல்கிறேன். அது வகுப்பில் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

பி.டி.எஸ். என்ற பல் மருத்துவப் பட்டப்படிப்பு வகுப்பில் நூறு பேர் வரை இருப்பார்கள். “புரிந்ததா?” என்று கேட்டால் முன்வரிசை தலையாட்டும், பின்வரிசை குனிந்துகொள்ளும். யாருக்கு என்ன புரிந்தது என்பது தேர்வுத்தாள் திருத்தும்போதுதான் தெரியும்.

பல்லுக்கு எண் கொடுக்கும் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பின்பற்றும் எஃப்.டி.ஐ. (உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு) முறையில் முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதைச் சொல்லும். இரண்டாவது இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதை. 36 என்றால் கீழ்த்தாடையில் இடப்பக்கத்து முதல் பெரிய கடைவாய்ப்பல். ‘முப்பத்தாறு’ என்று படிக்கக் கூடாது, ‘மூன்று, ஆறு’ என்றுதான் படிக்க வேண்டும். நோயாளியை எதிரே பார்த்து எடுத்த படத்தைத் திரையில் போட்டு, அந்தப் பல்லில் அம்புக்குறி வைத்து, எண் என்ன என்று கேளுங்கள். முதலாண்டில் பெருங்கூட்டம் வலப்பக்கத்தில் அதே பல்லின் எண்ணான 46ஐ அழுத்தும். அவருடைய இடப்பக்கம் நமக்கு வலப்பக்கமாகத் தெரியும் என்பது எல்லோரும் படித்ததுதான். கை பொத்தானுக்குப் போகும்போது மறந்துபோகிறது. பாடம் நடக்கும்போதே அந்தத் தடுமாற்றம் திரையில் இரண்டு பட்டைகளாக எழுந்து நின்றுவிட்டால் அங்கேயே நிறுத்தித் திருத்தலாம். பல் பிடுங்க ஊசி போடும் நாளில் தெரியவந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி, முன்மொழிந்த சொற்களுக்கு வருகிறேன்.

> சொடுக்கி என்றால் எல்லோருக்கும் புரியும். பொத்தானைச் சொடுக்குவதுதானே வேலை?

பொத்தானே இப்போது போய்க்கொண்டிருக்கிறது, ஐயா. முன்பு டிவி ரிமோட் போல அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்த கருவிகள் வந்தன. நடுவே யாராவது தலையை நீட்டினால் மறைக்கும். அப்புறம் ரேடியோ அலைக்கு மாறினார்கள். இப்போது மென்டிமீட்டர், கஹூட் போன்ற வினா-விடைச் செயலிகளாக எல்லாம் கைபேசிக்குள் வந்துவிட்டன. பிளிக்கர்ஸ் என்ற முறையில் மாணவர் கையில் மின்கருவியே கிடையாது, அச்சிட்ட அட்டை மட்டும்தான். எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுதான் விடை. ஆசிரியரின் கைபேசிக் கேமரா வகுப்பு முழுவதையும் படித்துக்கொள்ளும். அட்டையைத் தூக்கிப் பிடிப்பதற்குப் பெயர் சொடுக்கா?

வாக்குக்கருவி கேட்டவுடன் புரியும் சொல்தான். ஆனால் எங்கள் துறைக்கு அது ஆபத்து. பைட்விங் எக்ஸ்ரே (பற்களைக் கடித்தபடி எடுக்கும் படம்) ஒன்றைக் காட்டுகிறோம். கடைவாய்ப்பற்கள் இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடத்தில், பல்லின் வெளியுறையான எனாமலின் வெளிப்பாதியில், ஒரு மெல்லிய நிழல். துளையிட்டு அடைப்பதா, ஃப்ளூரைடு வார்னிஷ் பூசிக் கண்காணிப்பதா? சொத்தை என்றாலே துளையிட வேண்டும் என்ற எண்ணம் மாணவர்களிடம் ஆழமாக இருக்கிறது. ‘துளையிடு’ என்ற பட்டை மளமளவென்று உயரும். அந்த நிழல் எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினை எட்டவில்லை, பல்லின் மேற்பரப்பு உடைந்து குழி விழவும் இல்லை. அப்படியிருக்க அதைத் துளையிடுவது நல்ல பல்லைக் கெடுப்பதாகும், வகுப்பில் எத்தனை பேர் கேட்டுக்கொண்டாலும் சரி. வாக்கு என்றால் கூடுதல் எண்ணிக்கை வென்றது என்று பொருள். அந்த எண்ணத்தை உடைப்பதற்குத்தானே இதைக் கொண்டுவருகிறோம்?

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் செய்ததும் இதைத்தான். முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். அதன்பின் அதே கேள்விக்கு மறுபடி விடை. முதல் சுற்றில் ஏறக்குறைய 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னால்தான் வாதம் சூடு பிடிக்கும். அதற்குக் குறைந்தால் பாடத்தையே மறுபடி நடத்த வேண்டியதுதான். முதல் சுற்றின் பட்டைகளை வாதம் முடியும் வரை காட்டாமல் வைத்திருப்பது நல்லது. காட்டிவிட்டால் உயரமான பட்டை இருக்கும் பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள்.

எதிர்வினை என்ற சொல் மருத்துவமனைக்குள் வந்தால் மயக்க ஊசி ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடிப்பதுதான் நினைவுக்கு வரும். வேண்டாம்.

என் முன்மொழிவு: வகுப்புத் துலங்கல். தூண்டல், அதற்கு உயிர் தரும் பதிலான துலங்கல் இரண்டும் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கின்றன. தவிர, துலங்குவது என்றால் தெளிவாகத் தெரிவது. வகுப்பின் மனம் தெளிவாகத் தெரிகிறது என்ற பொருளும் கிடைக்கிறது. பல் துலக்குகிறவர்களுக்குத் துலங்கல் பொருத்தம்தானே என்று ஒரு சின்ன ஆசையும் உண்டு, ஒளிக்கவில்லை.

*

ஐயா, வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்தில் உயிரியல் படிப்பிக்கிறவள். துலங்கல் எனக்கு நாளாந்தம் புழங்குகிற சொல், அதனால்தான் மறுக்கிறேன். தொட்டாற்சுருங்கியைத் தொட்டால் இலை மடிகிறது. சூடான சட்டியில் பட்ட கை தானே விலகுகிறது. பிள்ளைகளுக்குத் துலங்கல் என்றால் இதுதான். நீங்கள் சொல்லும் வகுப்பில் பிள்ளை யோசித்து, பக்கத்துப் பிள்ளையோடு வாதாடி, மனதை மாற்றிக்கொண்டு விடை தருகிறது. இதற்கும் அனிச்சைச் செயலுக்கும் ஒரே சொல்லா?

உடன்விடை என்று வைத்துப் பாருங்கோ. உடனே வரும் விடை என்ற பொருள் வரும். உடன்பிறப்பு, உடன்படிக்கை என்பதில் உள்ள ‘சேர்ந்து’ என்ற பொருளும் வரும். எல்லோரும் ஒரே நேரத்தில், பக்கத்தில் இருப்பவரோடு கதைத்து விடை சொல்வது அதற்குள் அடங்கிவிடும். பொத்தான், கைபேசி, அட்டை எதற்கும் அது கட்டுப்படாது.

*

அம்மா, வணக்கம்.

தொட்டாற்சிணுங்கிக்கு (எங்கள் பக்கம் அப்படித்தான்) முன்னால் என் துலங்கல் சுருங்கிவிட்டது. உடன்விடையைப் பல வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். உடன்விடை வினா, உடன்விடை அட்டை, உடன்விடைக் கருவி, ‘இந்தப் பாடத்தை உடன்விடை முறையில் நடத்தினோம்’ என்று எங்கும் இடறவில்லை. துலங்கலைப் போட்டபோது ‘துலங்கல் வினா’விலேயே நாக்கு தயங்கியது.

ஒரே ஒரு நெருடல். “நோயாளியிடம் பல்லை எடுக்க வேண்டும் என்று சொல்லப் பயமாக இருக்கிறதா?” என்று வகுப்பில் கேட்பதுண்டு. அதற்குச் சரி, தவறு கிடையாது. விடை என்றால் பிள்ளைகள் மதிப்பெண்ணை நினைப்பார்கள். அத்தகைய கேள்விக்கு மட்டும் ‘உடன்கருத்து’ என்று வைத்தால் ஒட்டுமா, அல்லது தேவையில்லாத கிளையா? மற்றவர்கள் சொல்லுங்கள்.

சொற்பட்டியலில் உடன்விடையைத் தலைச்சொல்லாகவும் கிளிக்கரை அதனடியிலும் போடுகிறேன். மாணவர்கள் தேடும்போது கிளிக்கர் என்றுதான் தட்டுவார்கள். சொடுக்கியை முன்மொழிந்த ஐயாவுக்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். அதன்பின் பட்டியல் அச்சுக்குப் போகிறது.