போன் பூட்டு, போலீஸ், புலனம்: சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவப் பகிர்வு

தோட்டத்துக் கிராணி

போனின் பூட்டை அரசாங்கம் கேட்டால் திறந்துவிட வேண்டுமா என்பதை ஏதோ அமெரிக்காக்காரன் சண்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே மலேசியாவில் தோட்ட லயத்துப் பையனைப் போலீஸ் ரோட்டில் நிறுத்திப் போனை நீட்டச் சொல்கிறது. பாட்டியின் புலனத்தை (வாட்ஸ்அப்பை) எவனோ பிடித்துக்கொண்டு ஊர் முழுக்கக் கடன் கேட்கிறான். கடையிலும் கோர்ட்டிலும் டவரிலும் வேலை பார்க்கிறவர்கள் இதைத் தினமும் பார்க்கிறீர்கள். சொந்தக் கதை வேண்டாம். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

போன் ரிப்பேர் கடை

கடைக்காரன் நினைத்தால் எந்தப் போனையும் திறந்துவிடுவான் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. முன்பு மெமரி சிப்பைச் சூடு காட்டிக் கழற்றி ரீடரில் வைத்தால் படம், மெசேஜ் எல்லாம் வந்துவிடும். ஆண்ட்ராய்டு 10ஓடு வெளிவந்த போன்களில் தொடங்கிக் குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றி வைப்பது, கட்டாயம். சாவியின் ஒரு பகுதி ப்ராசஸரோடு ஒட்டியது, இன்னொரு பகுதி உங்கள் பின் எண். மழையில் நனைந்து போர்டு செத்துப்போன போனின் மெமரி சிப்பை மட்டும் வேறு போர்டில் ஒட்டினால் குப்பைதான் வரும். ப்ராசஸரையும் சேர்த்து மாற்ற வேண்டும், அதற்குப் பிறகும் பின் எண் வேண்டும். பின் மறந்துவிட்டதென்று வருகிறவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடியது முழுவதையும் அழித்துப் புதிதாக ஆக்குவது மட்டுமே. பேரப்பிள்ளை படங்களும் சேர்ந்துதான் போகும்.

பூட்டு இவ்வளவு கெட்டி. ஆனால் சாவியை நாமே வாசலில் தொங்கவிடுகிறோம். அடையாள அட்டையான மைகார்டின் கடைசி நான்கு எண்ணையும் பிறந்த வருடத்தையும்தான் பலர் பின்னாக வைத்திருக்கிறார்கள். ஐபோனில் ஒரு பின்னைச் சரிபார்க்க ஏறக்குறைய 80 மில்லி விநாடி ஆகும்படி ஆப்பிள் அமைத்திருக்கிறது. 4 இலக்கம் என்றால் 10,000 சேர்க்கைகள். தப்பான பின்னுக்குக் காக்க வைக்கும் தடையை யாராவது தாண்டிவிட்டால், 14 நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். 6 இலக்கத்துக்கு 22 மணி நேரம். சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகளுக்கு ஐந்தரை வருடம். இரண்டு எண்ணைக் கூட்டிப் போடச் சோம்பல்படுவதன் விலை இது.

இன்னொன்று. அணைத்துத் திறந்த போனும், ஒரு முறை பின் போட்டு மறுபடி பூட்டிய போனும் ஒன்றல்ல. அணைத்துத் திறந்ததும் பின் போடாத வரை பெரும்பாலான சாவிகள் மெமரிக்கு வரவே இல்லை. அப்போது ஐபோனுக்கு அழைப்பு வந்தால் பெயர் தெரியாது, நம்பர் மட்டும்தான் தெரியும். கைரேகையும் வேலை செய்யாது. ஒரு முறை திறந்துவிட்டால் சாவிகள் உள்ளேயே நிற்கும். போலீஸ் லேப் கருவிகளுக்குத் தோதான நிலை அதுதான். ஐபோனில் 2024ல் வந்த ஐஓஎஸ் 18.1 முதல், மூன்று நாள் யாரும் திறக்காத போன் தானாக மறுதொடக்கம் ஆகும். கூகுளும் 2025ல் இதையே கொண்டுவந்தது. திருடன் கையில் போன போனுக்கும் இதே பாதுகாப்பு.

ரிப்பேருக்குத் தரும்போது பின்னைச் சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். சாம்சங்கில் செட்டிங்ஸ், டிவைஸ் கேர், மெயின்டெனன்ஸ் மோட். அதைப் போட்டு மறுதொடக்கம் செய்தால் கடைக்காரருக்கு வெறும் போன் மட்டும் தெரியும். படமும் புலனமும் மறைந்திருக்கும். திரை மாற்றிச் சோதிக்க அது போதும். பின் இல்லாமல் முடியாது என்று ஒருவர் அடம் பிடித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

ஓய்வு பெற்ற போலீஸ்காரர்

தம்பி, எல்லாம் சரி. பிள்ளைகளைக் கெடுக்கிறவனும் கேங்கில் சேர்க்கிறவனும் அதே பூட்டுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். நீதிமன்ற அனுமதியோடு அரசாங்கத்துக்கு மட்டும் ஒரு வழி இருந்தால் என்ன கெட்டுவிடும்? விசாரணை அதிகாரியின் கஷ்டத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

குற்றவியல் வழக்கறிஞர்

அண்ணே, நியாயமான கேள்வி. இதைத் தள்ளிவிட்டுப் பேசக்கூடாது. ஆனால் நம் நாட்டில் வழி இல்லாமல் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 116பி பிரிவின்படி, சட்டப்படி சோதனை நடத்தும் இன்ஸ்பெக்டருக்கும் அதற்கு மேற்பட்ட அதிகாரிக்கும் கணினித் தரவைத் திறந்து காட்ட வேண்டும். தொடர்பு பல்லூடகச் சட்டம் 1998ன் 249ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையாக, கடவுச்சொல், குறியாக்கச் சாவி எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. பேச்சை ஒட்டுக்கேட்க முதல் சட்டத்தில் 116சி, இரண்டாவதில் 252 ஆகிய பிரிவுகள் உண்டு. அனுமதி தருபவர் பப்ளிக் பிராசிகியூட்டர், அதாவது அரசுத் தரப்பில் வழக்கு நடத்துபவர். பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டமான சோஸ்மா 2012ன் 6ஆம் பிரிவில், அவசரம் என்றால் சூப்பரின்டென்டன்ட் நிலை அதிகாரி முன் அனுமதி இல்லாமலே தொடங்கலாம். கவனியுங்கள், ஒட்டுக்கேட்க அனுமதி தருபவர் நீதிபதி இல்லை. என்னைப் பொறுத்தவரை நம் ஊரில் சண்டை போட வேண்டிய இடம் அதுதான்.

அப்படியென்றால் ரோட்டில் நிறுத்தினால்? மரியாதையாக நில்லுங்கள். அதிகாரியின் பெயரையும் பதவியையும் கேளுங்கள். எந்தக் குற்றத்துக்கு, எந்தப் பிரிவில் சோதனை என்று கேளுங்கள். பிடித்து இழுப்பதோ ஓடுவதோ வேண்டாம், அதுவே தனி வழக்காகிவிடும். போனை எடுத்துக்கொண்டால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி எடுத்த பொருள்களின் பட்டியல் எழுதி அதிகாரி கையெழுத்திட வேண்டும். மாடல், ஐஎம்இஐ எண் (போனின் தனி அடையாள எண்), சிம் எண் மூன்றும் அதில் இருக்கிறதா பாருங்கள். ‘கைப்பேசி ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தால் பின்னால் எந்தப் போன், யாருடைய போன் என்று தகராறு வரும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல விட வேண்டும். அது அதே சட்டத்தின் 28ஏ பிரிவு.

இனி, ‘அரசாங்கத்துக்கு மட்டும் ஒரு வழி’. 2015 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேரைக் கொன்றவனின் ஐபோன் 5சி. பத்து முறை தப்பாகப் போட்டால் அழிந்துவிடும் தடையை நீக்கும் மென்பொருளை எழுதித் தரும்படி 2016 பிப்ரவரியில் நீதிமன்றம் ஆப்பிளுக்கு உத்தரவு போட்டது. ஆப்பிள் மறுத்தது. ஒரு போனுக்காக எழுதுவது மற்றப் போன்களையும் திறக்கும் என்பதே அதன் வாதம். மார்ச் 28ல் எஃப்பிஐ வேறொருவர் துணையோடு அந்தப் போனைத் திறந்து, வழக்கைத் திரும்பப் பெற்றது. ஊருக்கெல்லாம் பொதுவாகப் பூட்டைத் தளர்த்தாமலே அந்த விசாரணை நடந்தது.

வழி விட்ட இடங்களில் என்ன ஆனது? கிரீஸில் 2004, 2005ல் தொலைபேசி நிறுவனத்தின் சட்டபூர்வ ஒட்டுக்கேட்பு வசதிக்குள்ளேயே யாரோ புகுந்து, பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் போனைக் கேட்டார்கள். 2024ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் சீனாவோடு தொடர்புடைய ஹேக்கர்கள் புகுந்தபோது, நீதிமன்ற உத்தரவுப்படி ஒட்டுக்கேட்கும் அமைப்புகளையும் தொட்டார்கள். அதன் பிறகு, குறியாக்கம் உள்ள செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்று மக்களுக்குச் சொன்னவர்களில் எஃப்பிஐயும் உண்டு. 2025 பிப்ரவரியில் இங்கிலாந்து கேட்ட வழியைத் திறப்பதற்குப் பதிலாக, தன் இணையச் சேமிப்பான ஐகிளவுட்டின் முழுப் பாதுகாப்பை அந்த நாட்டில் புதியவர்களுக்குத் தருவதையே ஆப்பிள் நிறுத்திவிட்டது. நட்டம் அங்கே இருக்கும் சாதாரண மக்களுக்கு.

ஓய்வு பெற்ற ஆசிரியை

நம் ஊர்க்காரர்கள் இதை மறக்கக்கூடாது. 1948 ஜூன் 16ல் இங்கே எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்தது. அடையாள அட்டையும் அந்த வருடம்தான் வந்தது, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும். அவசரகாலம் 1960 ஜூலை 31ல் முடிந்தது. அட்டை முடியவில்லை. இன்றைக்கு அந்த எண் இல்லாமல் பிரிபெய்ட் சிம்கூட வாங்க முடியாது. அட்டையால் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆபத்துக்காகத் திறக்கும் வழியை ஆபத்து போனதும் யாரும் வந்து மூடுவதில்லை என்று இந்த ஊரே சாட்சி சொல்கிறது.

டவர் டெக்னீஷியன்

எல்லோரும் மெசேஜைப் பற்றியே பேசுகிறீர்கள். மெசேஜின் உள்ளடக்கம் மட்டும்தான் பூட்டியிருக்கிறது. யாருக்கு அழைத்தீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், எந்த டவரிலிருந்து என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்தில் பதிவாகிக்கொண்டே இருக்கும். 2025ல் அந்த வருடத்தின் முதல் மூன்று மாத அழைப்பு, இருப்பிடப் பதிவுகளைத் தரும்படி தொடர்பு பல்லூடக ஆணையம் நிறுவனங்களைக் கேட்டது பெரிய பேச்சானது. பெயரில்லாத் தரவு, புள்ளிவிவரத்துக்கு என்று ஆணையம் விளக்கம் சொன்னது. பட்டணத்தில் ஒரு டவருக்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள். தோட்டத்தில் ஒரு டவருக்குக் கீழே சில லயங்கள், ஒரு கோயில், ஒரு பள்ளி. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்கும், மத்தியானம் கிளினிக்கிற்கும், வெள்ளிக்கிழமை ஈப்போவுக்கும் போகும் போன் ஒன்றே ஒன்றுதான் என்றால், பெயரை எடுத்துவிட்டு என்ன பயன்? 15 லட்சம் பேரின் தரவை வைத்து 2013ல் வெளியான ஆய்வு, நேரமும் இடமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் இருந்தால் 95 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டிவிடலாம் என்றது. இன்னொன்று, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. 3ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது.

தோட்டத்துக் கிராணி

பாட்டிமார் புலனத்துக்கு வழி சொல்லுங்கள்.

போன் ரிப்பேர் கடை

அண்ணே, அங்கே குறியாக்கத்தை யாரும் உடைப்பதில்லை. எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்க எண்ணைத் தெரிந்தவர் பெயரில் கேட்டு வாங்கிவிடுகிறான். புலனத்தில் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போய் ஆறு இலக்கப் பின் வையுங்கள், மகன் மகளின் மின்னஞ்சலையும் சேருங்கள். மின்னஞ்சல் சேர்க்காமல் பின்னை மறந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். கணக்கு போய்விட்டால் உடனே அதே நம்பரைப் பதிந்து, வரும் எண்ணைப் போடுங்கள், அவன் வெளியேறிவிடுவான். பழைய பேச்சு அவனுக்குக் கிடைக்காது, அது போனில்தான் இருக்கிறது. பணம் போய்விட்டால் முதலில் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள், பிறகு போலீஸ் ரிப்போர்ட்.

புலனத்தில் லிங்க்ட் டிவைசஸ் பக்கத்தைப் பாருங்கள். தெரியாத கணினி அங்கே இருந்தால், யாரோ ஒரு நிமிடம் போனை வாங்கி ஸ்கேன் செய்திருக்கிறார்கள். எந்தக் குறியாக்கமும் அதைத் தடுக்காது. பிரிபெய்ட் சிம்முக்கு ரீலோட் போடாமல் காலாவதியாக விட்டால் நம்பர் வேறொருவருக்குப் போகலாம். அதோடு புலனமும் போகும்.

கடைசியாக பேக்கப். கூகுள் டிரைவில் இருக்கும் புலன நகல் பூட்டியதா என்று பலர் பார்ப்பதே இல்லை. சாட்ஸ், சாட் பேக்கப், அங்கே என்ட் டு என்ட் என்ற இடத்தில் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ வைக்கலாம். அந்தச் சாவியைப் போனிலேயே படம் பிடித்து வைக்காதீர்கள், போன் தொலைந்தால் சாவியும் தொலையும். தாளில் எழுதி, பிறப்புப் பத்திரம் இருக்கும் மைலோ டின்னில் போடுங்கள்.