வலிக்காத முட்டிக்கு எக்ஸ்ரே எதற்கு?

பெரியப்பா: ஒரு ஃபார்வர்டு வந்தது. 40 தாண்டிய எல்லோரும் இடுப்பு, முழங்கால் எக்ஸ்ரே எடுத்துத் தேய்மானம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டுமாம். பிரஷர், சர்க்கரைக்குப் பார்ப்பது மாதிரி. எல்லோரும் போவோமா?

வித்யா அக்கா: பெரியப்பா, உங்களுக்கு முட்டி வலிக்கிறதா?

பெரியப்பா: இல்லையே.

வித்யா அக்கா: அப்போது வேண்டாம். பிரஷர் தெரிந்தால் மாத்திரை உண்டு. தேய்மானத்தை நிறுத்த இன்னும் மருந்தே வரவில்லை. படத்தைப் பார்த்துக் கவலைப்படத்தான் முடியும்.

தம்பி: எம்ஆர்ஐ எடுத்தால்?

வித்யா அக்கா: அது இன்னும் மோசம் 😄 அமெரிக்காவில், 50 தாண்டி எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியாத 710 பேருக்கு முட்டியை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. 89 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு குறை! வலி இல்லாதவர்களுக்கும்தான்.

சித்தி: எனக்கு நேர்மாறு. வலது முட்டி வலிக்கிறது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

வித்யா அக்கா: காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் சித்தி?

சித்தி: பல் துலக்குவதற்குள் சரியாகிவிடும். நடந்தால்தான் வலி.

வித்யா அக்கா: கால் நகம் வெட்ட முடிகிறதா?

சித்தி: அதை ஏன் கேட்கிறாய், வலது காலுக்கு உன் சித்தப்பாதான் வெட்டிவிடுகிறார்.

சித்தப்பா: 🙋‍♂️

வித்யா அக்கா: நாற்காலியில் உட்காருங்கள். தொடையை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் கொண்டுபோங்கள். இரண்டு காலும் ஒரே அளவு போகிறதா?

சித்தி: வலது பாதிகூடப் போகவில்லை. தொடை இடுக்கில் பிடிக்கிறது!

வித்யா அக்கா: இடுப்பு மூட்டாக இருக்கலாம். அங்கே கோளாறு இருந்தால் முட்டியில் வலிப்பது உண்டு. முட்டியை மட்டும் படம் எடுத்தால் எப்படித் தெரியும்? எலும்பு டாக்டரிடம் நகம் வெட்ட முடியாததையும் சொல்லுங்கள். போனில் நான் முடிவு சொல்லக் கூடாது.

தம்பி: அப்போது சித்திக்குப் படம் வேண்டுமா, வேண்டாமா?

வித்யா அக்கா: டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பிரிட்டனில் டாக்டர்களுக்கு வழிகாட்டும் அமைப்பான நைஸ் சொல்வதன்படி 45 தாண்டியவருக்கு, நடந்தால் வலி, காலை விறைப்பு அரை மணிக்குள் என்றால், வேறு சந்தேகம் இல்லாதபோது படமே இல்லாமல் தேய்மானம் என்று சொல்லிவிடலாம். ஊரையே எக்ஸ்ரேக்கு நிறுத்துவதைவிட, வலிப்பவரிடம் நாலு கேள்வி கேட்பது மேல்.

பெரியப்பா: எனக்கு ஒன்றும் இல்லையா?

வித்யா அக்கா: எடை இருக்கிறதே! ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் சுமார் நாலு கிலோ பாரம் குறையும். தொடைக்குப் பயிற்சியும் அனுப்புகிறேன்.

பெரியப்பா: எக்ஸ்ரேயே எடுத்துக்கொள்கிறேன் அம்மா.