சஞ்சுவின் பல்லும் சம்மதப் படிவமும்

செல்வி: எல்லாரும் கொஞ்சம் படிங்க. சஞ்சுவை இன்றைக்குப் பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கீழே இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல்லில் சொத்தை, சோறு போய் மாட்டிக்கொள்கிறது என்று சாப்பிடவே மாட்டேன் என்கிறான். பார்த்துவிட்டு, அங்கே ஒரு ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு ஸ்டீல் கேப், இன்னொரு பிரிவுக்கு ஏதோ வெள்ளி மருந்து தடவுவது, யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யுமாம். வியாழக்கிழமை பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

முருகன் மாமா: கையெழுத்துப் போடாதே செல்வி. ஆராய்ச்சி என்றால் நம் பிள்ளையை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அஞ்சு வயசுப் பிள்ளை. காசு நான் தருகிறேன், தனியார் டாக்டரிடம் காட்டு.

ராஜம் பெரியம்மா: பால் பல்தானேம்மா, அதுவே விழுந்து முளைச்சிரும். கிராம்பு எண்ணெய் பஞ்சில் தொட்டு வை. இதுக்குப் போய்க் கேப்பா?

அருண்: நான் இங்கே ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு என்ன சொல்வது. நிலா, நீ பிள்ளைகள் பல் படிப்புதானே படிக்கிறாய், சொல்லும்மா.

நிலா: இப்போதுதான் ஓபி முடிந்தது அத்தான். பெரியம்மா சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். முன்பல் என்றால் ஆறு ஏழு வயதில் விழுந்துவிடும், சரி. கடைவாய்ப் பால் பல் அப்படி இல்லை பெரியம்மா, அது பத்துப் பதினொரு வயது வரைக்கும் இருக்க வேண்டியது. சஞ்சு இன்னும் ஐந்தாறு வருஷம் அதில்தான் மெல்ல வேண்டும். பால் பல்லில் எனாமல் என்கிற மேல் ஓடு மெல்லிசு, உள்ளே நரம்பு இருக்கிற இடம் பெரிசு, அதனால் சொத்தை சீக்கிரம் நரம்பைத் தொட்டுவிடும். சீழ் வைத்துப் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், அடியில் வர வேண்டிய நிலையான பல்லுக்கு வழி இருக்காது. செல்வி அக்கா, ராத்திரி வலித்து எழுந்து அழுகிறானா? ஈறில் கொப்புளம் மாதிரி ஏதாவது?

செல்வி: இல்லை நிலா. சாப்பிடும்போது மட்டும்தான். எக்ஸ்ரே நாளைக்கு எடுப்பார்கள்.

நிலா: அப்படியென்றால் நல்லது. இந்த ஸ்டீல் கேப் விஷயம் பற்றி எனக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்று ஒரு பல் மருத்துவர். பிள்ளைகளுக்கு ஊசி போடாமல், சொத்தையைக் குடையாமல், அப்படியே மேலே ஸ்டீல் கேப்பைச் சிமென்ட் வைத்து அழுத்திவிடுவார். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு நேர் எதிர் இது, சொத்தையை உள்ளே விட்டு மூடலாமா என்று எல்லாரும் கேட்டார்கள். ஆனால் உள்ளே இருக்கிற கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காவிட்டால் அது ஒடுங்கிவிடும், சொத்தை நின்றுவிடும். அவர் வைத்திருந்த பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு டண்டீ பல்கலைக்கழகத்தில் நிக்கோலா இன்னஸ் குழு முறையாக ஆராய்ச்சி செய்தது. 132 பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் சஞ்சு மாதிரியே இரண்டு பக்கமும் சொத்தை. ஒரு பல்லுக்குக் கேப், மறு பல்லுக்கு அந்த ஊர் மருத்துவர் வழக்கமாகச் செய்கிற அடைப்பு. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் வலி, சீழ், பிடுங்குவது என்று போனவை கேப் போட்டதில் நூற்றுக்கு 3, அடைத்ததில் 16.5. எது பிடித்தது என்று கேட்டதற்கு 77 சதவீதப் பிள்ளைகள் கேப் என்றுதான் சொன்னார்கள்.

முருகன் மாமா: அங்கேயே தெரிந்துவிட்டதே, அப்புறம் இங்கே எதற்கு மறுபடியும் ஒரு ஆராய்ச்சி?

நிலா: நல்ல கேள்வி மாமா. அது கேப்புக்கும் அடைப்புக்கும் நடந்தது. இது கேப்புக்கும் வெள்ளி மருந்துக்கும். வெள்ளி மருந்து என்பது சில்வர் டயமைன் ஃபுளோரைடு, 38 சதவீதம். ஜப்பானில் 1970 வாக்கிலேயே வந்துவிட்டது, உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. துளி மருந்தைச் சொத்தையில் ஒரு நிமிஷம் தடவினால் போதும், செலவும் ரொம்பக் கம்மி. நியூயார்க் பள்ளிக்கூடங்களில் பெரிய அளவில் செய்து பார்த்து 2023-ல் வெளியிட்டார்கள், சொத்தையைக் கட்டுப்படுத்துவதில் அடைப்பு முறைக்கு அது சளைக்கவில்லை. ஆனால் தடவிய இடம் கறுப்பாகிவிடும், அந்தக் கறுப்பு போகாது. மருந்து தடவினாலும் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும், சோறு மாட்டும். நம் ஊரில் பிள்ளைகளை ரொம்பத் தாமதமாகக் கூட்டி வருகிறார்கள், சொன்ன தேதிக்குத் திரும்ப வருவதும் கஷ்டம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எது நிற்கும் என்று இங்கேதான் பார்க்க முடியும்.

செல்வி: கறுப்பா? நாளைக்கு ஸ்கூலில் கேலி செய்வார்களே.

நிலா: கடைவாய்ப் பல் அக்கா, வாயை அகலத் திறந்தால்தான் தெரியும். ஆனால் உங்களுக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை என்றால் சேர வேண்டாம், அதையே காரணமாகச் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

முருகன் மாமா: எனக்கு இன்னும் அந்தக் கம்ப்யூட்டர் முடிவு செய்வதுதான் உறுத்துகிறது. டாக்டர் பார்த்து எது நல்லது என்று சொல்ல வேண்டாமா?

நிலா: சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரிதான் மாமா அது. டாக்டரே தேர்ந்தெடுத்தால் அடம் பிடிக்காத பிள்ளைகளை ஒரு பக்கமும் அழுகிற பிள்ளைகளை மறு பக்கமும் போட்டுவிடுவார், கடைசியில் மருந்து ஜெயித்ததா பிள்ளையின் குணம் ஜெயித்ததா என்று தெரியாது. இரண்டில் எது மேல் என்று உண்மையிலேயே தெரியாதபோது மட்டும்தான் குலுக்கலாம். ஒன்று மோசம் என்று தெரிந்தே குலுக்கினால் அது அநியாயம்.

மாமாவின் பயத்தை நான் தப்பு என்று சொல்லவே மாட்டேன். ஸ்வீடனில் லுண்ட் பக்கத்தில் விபெஹோல்ம் என்று ஒரு இல்லம், மனவளர்ச்சி குன்றியவர்கள் இருந்த இடம். 1940-களின் கடைசியில் அவர்களுக்குப் பல்லில் ஒட்டுகிற டாஃபியைக் கொடுத்துக் கொடுத்துச் சொத்தை வருகிறதா என்று பார்த்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சாப்பாட்டோடு சாப்பிடுகிற இனிப்பைவிட இடையிடையே வாயில் ஒட்டிக்கொண்டு கிடக்கிற இனிப்புதான் பல்லைக் கெடுக்கிறது என்று அதிலிருந்துதான் உறுதியானது, இன்றைக்கும் அதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறோம். அந்த மனுஷர்களின் பல் போய்த்தான் இது நமக்குத் தெரிந்தது என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதே இல்லை. அதனால்தான் இன்றைக்கு இந்தப் படிவம், ஆராய்ச்சி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழு எல்லாம். நாளைக்குப் போகும்போது இதையெல்லாம் கேளுங்க அக்கா: இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இருக்கிற பதிவு எண் என்ன, நெறிமுறைக் குழுவில் யாரிடம் பேசலாம், நடுவில் விலகினால் சிகிச்சை தொடருமா, பல் கெட்டுப்போனால் மேல் செலவு யாருடையது, அவன் பெயரும் போட்டோவும் எங்கே போகும். ஏழு வயதுக்கு மேல் என்றால் பிள்ளையிடமும் கேட்டுத்தான் செய்ய வேண்டும், சஞ்சுவுக்கு நீங்கள் சொல்வதுதான்.

அருண்: இரண்டில் எது வந்தாலும் பல் பிழைத்துவிடும் என்று நம்பலாமா?

நிலா: சத்தியம் செய்து தர முடியாது அத்தான். பிரிட்டனில் 3 முதல் 7 வயதுக்குள் சொத்தை இருந்த 1,144 பிள்ளைகளைச் சேர்த்து ஒரு ஆராய்ச்சி நடந்தது, 2020-ல் முடிவு வந்தது. ஒரு பிரிவுக்கு ஊசி போட்டுக் குடைந்து அடைப்பது, ஒரு பிரிவுக்குச் சொத்தையை மூடிவிடுவது, மூன்றாவதுக்கு அடைக்காமல் தடுப்பு வேலை மட்டும். மூன்று வருஷத்துக்குள் எந்தப் பிரிவாக இருந்தாலும் பத்தில் நாலு பிள்ளைக்கு வலியோ சீழோ வந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. டண்டீ ஆராய்ச்சி அந்த ஒரு பல் என்ன ஆனது என்று எண்ணியது, இது பிள்ளையின் வாய் முழுக்க எண்ணியது. ஒரு பல்லை நன்றாக மூடினாலும் வீட்டுப் பழக்கம் மாறாவிட்டால் அடுத்த பல் போகும். ராத்திரிப் பால் இன்னும் கொடுக்கிறீர்களா அக்கா?

செல்வி: ம். சர்க்கரை போட்டு. குடித்துக்கொண்டே தூங்கிவிடுவான்.

நிலா: இன்றைக்கே நிறுத்துங்க. பால் குடித்த பிறகு பல் தேய்த்துவிட்டுத்தான் படுக்கை, தேய்த்த பின் தண்ணீர் மட்டும். நீங்கள்தான் தேய்த்துவிட வேண்டும், அவனிடம் விடாதீங்க. ஆயிரம் பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு, ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு. மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு அரிசி அளவு, பல் முளைத்த அன்றிலிருந்தே.

முருகன் மாமா: ஃபுளோரைடு எலும்பைக் கெடுக்கும் என்று ஒரு வீடியோ வந்ததே?

நிலா: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம் மாமா, வருஷக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லும் எலும்பும் கெட்டது உண்மைதான், அதற்காகத்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. இது பட்டாணி அளவு தேய்த்துத் துப்புகிற விஷயம். ஸ்காட்லாந்தில் மழலைப் பள்ளியிலேயே தினமும் பிள்ளைகளைப் பல் தேய்க்க வைக்கிற திட்டம் இருக்கிறது. 2003-ல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் சொத்தை இல்லாதவர்கள் 45 சதவீதம்தான், பிறகு அது 70-ஐத் தாண்டியது. நம் அங்கன்வாடிகளிலும் இதைச் செய்தால் எத்தனை பிள்ளைகள் வலியில்லாமல் சாப்பிடும்.

ராஜம் பெரியம்மா: எங்க காலத்துல வேப்பங்குச்சிதான். ஆனா அப்போ பிள்ளைக கையில இத்தனை மிட்டாயும் பிஸ்கட்டும் இல்லை, அதையும் சொல்லணும்.

(வியாழன்)

செல்வி: போய் வந்தோம். எக்ஸ்ரேயில் சொத்தைக்கும் நரம்புக்கும் நடுவே நல்ல இடம் இருக்கிறது, இரண்டு பல்லையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நிலா சொன்னதை எல்லாம் எழுதிக் கொண்டுபோய்க் கேட்டேன். பதிவு எண் காட்டினார்கள், நெறிமுறைக் குழுச் செயலர் போன் நம்பர் படிவத்திலேயே இருந்தது, கூப்பிட்டும் பேசினேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் அங்கேயே சிகிச்சை, பல்லில் சீழ் வைத்தால் அதற்கான வைத்தியமும் இலவசம். ஷார்ஜாவில் இருக்கிற சஞ்சு அப்பாவிடம் வீடியோ காலில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கம்ப்யூட்டர் குலுக்கலில் அவனுக்குக் கேப் பிரிவு வந்திருக்கிறது.

முருகன் மாமா: சரி. கேட்டுத் தெரிந்துகொண்டு போட்டாயே, அது போதும் எனக்கு. அடுத்த தடவை நானும் வருகிறேன்.

செல்வி: பல் இடுக்கில் குட்டி ரப்பர் வளையம் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் நிலா, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அது எதற்கு?

நிலா: கேப் இறங்க இடம் உண்டாக்க அக்கா. அதுவரை சூயிங்கம், மிட்டாய் வேண்டாம், வளையம் கழன்று வந்துவிட்டால் உடனே அங்கே சொல்லுங்க. கேப் போட்ட பிறகு சில நாள் கடிக்கும்போது உயரமாக இருக்கிறது என்பான், அது தானாகச் சரியாகிவிடும். முதல் நாள் இட்லி, தயிர்ச்சோறு மாதிரி மெத்தென்று கொடுங்க. ராத்திரி வலிக்கிறது என்று எழுந்தால் மட்டும் காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்க.