குடல் அழற்சி வந்த பிறகு உங்களால் மறக்க முடியாத ஒரு சம்பவம்

காவிரிக்கரை:
எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய். அதற்கு மெசலமின் என்ற மருந்து எடுக்கிறேன். அவசரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்னையிலிருந்து திருச்சிக்கு அரசுப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். விழுப்புரம் தாண்டியதும் வயிறு முறுக்கியது. கண்டக்டர் பக்கத்தில் போய் மெதுவாக, "அண்ணே, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். அவர் சத்தமாக, "ஒண்ணுக்கா, ரெண்டுக்காம்மா? உளுந்தூர்பேட்டை வந்துடும், அடக்கிக்க முடியாதா?" என்று கேட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முன் சீட்டில் இருந்த ஒரு பாட்டிதான், "டிரைவர் தம்பி, வண்டிய ஓரங்கட்டு, புள்ள மூஞ்சியப் பாரு" என்று அதட்டினார். பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தார் அந்தப் பாட்டி. அவர் முகம் ஞாபகம் இல்லை. "ரெண்டுக்காம்மா" மட்டும் இன்னும் காதில் கேட்கிறது.

ரயில் ஜன்னல்:
இந்த நோயோடு ஏன் பஸ்ஸில் போகிறீர்கள்? ரயிலில் கழிவறை இருக்கிறதே. இல்லையென்றால் ஏறும்போதே கண்டக்டரிடம் "குடல் நோய்" என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?
எனக்கு க்ரோன்ஸ், அதுவும் ஒரு குடல் அழற்சி நோய்தான். நம் ஊரில் முதலில் குடல் காசநோய் என்றுதான் சந்தேகம் வரும், குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் ஸ்கோப்பிலும் பல நேரம் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எனக்கும் முதலில் காசநோய் மாத்திரைதான், அந்தச் சிறுநீரை ஆரஞ்சாக்கும் மாத்திரை. அப்போது அக்கா வீட்டுக்குப் போனேன். காபி குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தால் அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. மற்ற டம்ளர்களில் இல்லை. க்ரோன்ஸ்தான் என்று உறுதியான பிறகு அக்காவிடம் சொன்னேன், "அப்படியா, நல்லது" என்றாள். இன்றும் எனக்கு அந்த டம்ளரில்தான் காபி வருகிறது.

மருந்துக்கடைக்காரர்:
எனக்கும் கொலைட்டிஸ். மூலம் என்று சொல்லி ஒரு டாக்டர் ரொம்ப நாள் களிம்பு மட்டுமே கொடுத்தார், ரத்தம் நிற்கவே இல்லை. அது போகட்டும். கடையில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு முகம் உப்பிவிட்டது என்று திடீரென நிறுத்துகிறார்கள். கூடவே கூடாது, டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் நீங்களாக வாங்காதீர்கள், அடங்கியிருந்த குடல் மறுபடி கிளம்பலாம். நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசாத்தியோப்ரின் எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், முக்கியமாக ஆரம்ப மாதங்களில். நம் ஆட்கள் சிலருக்கு வெள்ளணு மளமளவென்று இறங்கிவிடும். அடிக்கடி ஸ்கோப் எதற்கு என்று பயப்படுபவர்கள் மலத்தில் கால்ப்ரோடெக்டின் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், குடலில் அழற்சி இருக்கிறதா என்று ஓரளவு காட்டிவிடும். சாப்பாட்டில் எல்லோருக்கும் ஒரே பட்டியல் கிடையாது. எனக்குத் தயிர் சாதம் ஒத்துக்கொள்ளும், என் தம்பிக்குப் பால் வாடையே ஆகாது.

காவிரிக்கரை:
ரயில் ஜன்னல், ஐம்பது பேர் நடுவில் ஒரு பெண் எப்படி அதைச் சொல்லிக்கொண்டு ஏறுவாள்? மெதுவாகத்தானே கேட்டேன். மெதுவாகவே பதில் சொல்லியிருக்கலாம். உங்கள் அக்கா செய்தது எனக்கும் வலிக்கிறது. டம்ளரால் குடல் காசநோய் பரவாது என்று அவருக்கு யாராவது எடுத்துச் சொன்னார்களா?

ஏழாம் வகுப்பு அம்மா:
என் மகளுக்கு க்ரோன்ஸ். பெரியவர்களுக்குச் சொல்வதைப் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்ல முடியாது ஐயா. ஸ்டீராய்டு வளர்த்தியைத் தடுக்கும் என்று இவளுக்குச் சில வாரம் திரவ உணவு மட்டும்தான் கொடுத்தார்கள். வீட்டில் நாங்கள் தோசை வார்க்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆனால் எனக்கு ஆறாதது பள்ளியில் நடந்தது. கணக்கு டீச்சர், "போன பீரியட்தானே போன?" என்று கேட்டு அவளைப் பலகை முன்னால் நிற்க வைத்திருக்கிறார். அன்று அவள் சீருடைப் பாவாடையை வீட்டுக்கு வந்து அவளே துவைத்துக் காயப்போட்டிருந்தாள், என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் டாக்டர் கடிதத்தோடு தலைமையாசிரியரைப் பார்த்தேன். இப்போது கதவோரத்தில் இடம், கேட்காமலே எழுந்து போகலாம். டீச்சர் இன்னும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.